முதல் பக்கத்து லாரி

எல்லாக் கதையிலும் நான் வருகிறேன்,
முதல் பக்கத்தில், ஒரே ஒரு வரிக்கு.
மழை. சிவப்பு விளக்கு. பள்ளிச் சீருடையில் ஒரு பையன்.
அப்புறம் கண்ணைக் கூசும் வெளிச்சமாக நான்.
பெயர் கிடையாது.
பிரேக்கை மிதித்தேனா என்று யாரும் எழுதுவதில்லை.

அடுத்த பத்தியில் அவன் கண் விழிப்பான்.
மேகத்தின் மேல் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தேவதை
"தவறு எங்களுடையது, என்ன வரம் வேண்டும்?" என்பாள்.
நான் அந்தச் சாலையிலேயே நிற்கிறேன்,
வைப்பர் ஓடிக்கொண்டிருக்க.

அவோமோரியிலிருந்து டோக்கியோவுக்குப் பத்து டன் ஆப்பிள்.
நாலு மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு, அது சட்டம்.
அந்த அரை மணிகளில் படித்தவைதான் அத்தனையும்,
குனிமியில் வண்டியை ஓரங்கட்டி,
டப்பாக் காப்பியில் விரல்களைச் சூடுபடுத்தி.

தலைப்பே மூன்று வரி ஓடும்:
வேலையிலிருந்து துரத்தப்பட்ட கணக்குப்பிள்ளை நான்
வேற்றுலகில் டிராகன்களுக்கு வரி போட்டு
நிம்மதியாக இருக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள்.
வாளை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாதவன்
மூன்றாம் அத்தியாயத்தில் அரக்கர் கோனைச் சாய்ப்பான்.
நோகாமல் நோன்பு கும்பிடுவது என்பார்களே, அது.
முட்டையையும் எண்ணெயையும் அடித்து மயோனைஸ் செய்தால்
ஒரு ராஜ்ஜியமே நாக்கைச் சப்பி அழும்.
ஆயிரம் வருடமாக அந்த ஊரில் கோழி இருந்திருக்கிறது.

பெண்கள் வரிசையில் வந்து முகம் சிவப்பார்கள்.
பூனைக்காதுக்காரி ஒருத்தியைச் சந்தையில் விலைக்கு வாங்குவான்,
அவள் அவனுக்கு நன்றி சொல்வாள்.
அந்த இடத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
டயர்களைத் தட்டிப் பார்க்க இறங்கிவிடுவேன்.
பன்னிரண்டு டயர்.
ஏறி வந்து, அடுத்த அத்தியாயம்.

"இதிலே என்ன இருக்கு, ஹத்தனகா?" என்றான் மினோவா,
சிமெண்ட் ஏற்றுகிறவன், குதிரைப் பந்தயம் தவிர எதுவும் படிக்காதவன்.
சூப் இருக்கிறது என்றேன்.
மழைக்கு ஒதுங்கினால் சத்திரக்காரி சூப் தருகிறாள்,
குடித்து முடிக்கும்வரை யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.
கெட்டவன் கெட்டவன் மாதிரியே உடுத்தியிருக்கிறான்.
இன்னொன்றை அவனிடம் சொல்லவில்லை:
அங்கே செய்த வேலைக்கு மணி அடிக்கும்,
காற்றில் ஒரு பலகை திறந்து எண் ஏறும்,
பலம் இத்தனை, பொறுமை இத்தனை.
பத்தொன்பது வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்கு
கம்பெனி எனக்கு ஒரு துண்டு கொடுத்தது,
என் பெயரில் ஓர் எழுத்துப் பிசகி.

பிப்ரவரியில், கோஷிகயா தாண்டி, விடியாத நேரம், மழை.
பேஸ்பால் பையோடு ஒரு பையன்
கைபேசியைப் பார்த்தபடி சிவப்பில் இறங்கிவிட்டான்.
மிதித்தேன்.
பின்னால் பத்து டன்னும் முன்னால் வர முயன்றது.
பம்பருக்கும் அவனுக்கும் நடுவே ஒரு குடை அகலம்.
நிமிர்ந்து பார்த்தான். பயமில்லை அந்த முகத்தில்.
சத்தியமாகச் சொல்கிறேன்,
ஒரு கணம் காத்திருப்பவன் போல நின்றான்.

எதுவும் திறக்கவில்லை.
விளக்குதான் மாறியது.
இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு
நனைந்த ஷூ சப்சப்பென்று ஒலிக்கப்
பயிற்சிக்குப் போனான், இந்த உலகத்திலேயே.
எனக்குக் கியர் போடக் கை வரவில்லை.

பதினோரு பெட்டி நசுங்கல்.
டிப்போவில் குழாயில் ஊதினேன், பூஜ்யம்.
"வழியில் ஏதாவது விசேஷமா?"
"பிரேக் நன்றாகப் பிடிக்கிறது" என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

இப்போது ஒன்பதாம் பாகம்.
சூப் கடை வைத்துவிட்டான், ஆறாவது பெண் குடிவந்துவிட்டாள்,
அவன் காட்டில் மழை.
அவன் அம்மா மட்டும் ஒன்பது பாகத்திலும் வரவில்லை.
அன்று இரவு அவனுக்கும் சேர்த்து அரிசி களைந்தாளா,
யார் போய்க் கதவைத் தட்டிச் சொன்னார்கள்,
ஒருவேளை அந்த லாரிக்காரியேவா.

பத்தாவது வெள்ளிக்கிழமை வருகிறது.
வாங்குவேன்.